யூன் மாதத்தில் மூடப்படும் மொழி: கனடாவின் பிரெஞ்சு வகுப்பறைகளும் எங்கள் பிள்ளைகளின் தமிழும்

கனடாவில் பாடசாலை ஆண்டு செப்ரெம்பரில் தொடங்கி யூன் மாத இறுதியில் முடிகிறது. அந்தக் கடைசி வாரங்களில் எல்லா ஆரம்பப் பாடசாலைகளிலும் ஏறக்குறைய ஒரே வேலைகள்தான் நடக்கும். சுவரில் ஒட்டிய படங்கள் கழற்றப்படும். நூலகப் புத்தகங்கள் திருப்பிக் கொடுக்கப்படும். ஆண்டு முழுவதும் செய்த வேலைகள் ஒரு கோப்பாகக் கட்டப்பட்டு வீட்டுக்கு வரும். பிறகு தேர்ச்சி அறிக்கை வரும்.

ஆனால் 'பிரெஞ்சு இமேர்ஷன்' என்று அழைக்கப்படும் வகுப்புகளில் இதோடு இன்னொன்றும் நடக்கிறது. ரொறன்ரோ, மிசிசாகா போன்ற நகரங்களில் இந்த வகுப்புகளில் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டிலும் பிரெஞ்சு இல்லை, தெருவிலும் இல்லை. அந்த மொழி அவர்களுக்கு உயிரோடு இருப்பது அந்த ஒரு அறைக்குள் மட்டுமே. யூன் இறுதியில் அந்த அறை மூடப்படுகிறது.

கனடாவில் எங்கள் உறவுகளின் பிள்ளைகள் பலரும் இந்த வகுப்புகளில் படிக்கிறார்கள். "தம்பி பிரெஞ்சில படிக்கிறான்" என்று தொலைபேசியில் சொல்லும்போது, இங்கே இருக்கும் அம்மம்மாவுக்குப் பெருமையோடு ஒரு கேள்வியும் எழுகிறது: அப்படியென்றால் அவனுடைய தமிழ்?

இமேர்ஷன் என்றால் என்ன?

பிரெஞ்சை ஒரு பாடமாகப் படிப்பது வேறு, பிரெஞ்சில் படிப்பது வேறு. இமேர்ஷன் இரண்டாவது வகை. கணிதம், விஞ்ஞானம், சமூகக்கல்வி போன்ற பாடங்களைப் பிள்ளை பிரெஞ்சிலேயே படிக்கிறது. ஆசிரியர் முதல் நாளிலிருந்தே பிரெஞ்சில்தான் பேசுவார். சைகை, படம், பாட்டு ஆகியவற்றின் உதவியோடு பிள்ளை விளங்கிக்கொள்ளத் தொடங்கும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் வசனம்தான் பல பிள்ளைகள் முழுதாகச் சொல்லப் பழகும் முதல் பிரெஞ்சு வசனம். தேவை வந்தால் மொழி வரும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

ஒன்ராறியோவில் இமேர்ஷன் பிள்ளை தரம் 8 முடிவதற்குள் குறைந்தது 3,800 மணித்தியாலங்கள் பிரெஞ்சில் கற்க வேண்டும். பிரெஞ்சை ஒரு பாடமாக மட்டும் படிக்கும் பிள்ளைக்கு இது 600 மணித்தியாலங்கள். எந்த வயதில் தொடங்குவது, ஆங்கிலத்தை எப்போது சேர்ப்பது என்பவை கல்விச் சபைக்குச் சபை மாறும்.

இந்த முறை 1965இல் மொன்றியலுக்கு அருகிலுள்ள சென் லம்பேர்ட் என்ற ஊரில் தொடங்கியது. கியூபெக்கில் பிரெஞ்சு பேசுவோரே பெரும்பான்மை. ஆனாலும் வணிகமும் அதிகாரமும் அப்போது பெரிதும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அந்த நிலையில் ஒல்கா மெலிகோவ், முரியல் பார்க்ஸ், வலெரி நீல் ஆகிய ஆங்கிலம் பேசும் பெற்றோர் முன்னின்று, தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் கற்பிக்கும்படி கல்விச் சபையோடு போராடி ஒரு பாலர் வகுப்பைப் பெற்றார்கள். கனடாவின் அரசகரும மொழிகள் சட்டம் வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1969இல்.

1956ஐ அறிந்த எங்களுக்கு இந்த வரிசை கவனிக்க வேண்டியது. இங்கே ஒரு மொழி சட்டத்தால் மற்றவர்மேல் திணிக்கப்பட்டது. அங்கே பலமுள்ள மொழியைப் பேசியவர்கள் அயலவரின் மொழியைத் தங்கள் பிள்ளைகளுக்குத் தரும்படி தாங்களாகவே கேட்டார்கள்.

யூன் மாதக் கணக்கு

ஆண்டு முடிவில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக இருத்தி வாசிக்க வைத்து அதன் வாசிப்பு மட்டத்தைக் குறித்துக்கொள்வார்கள். செப்ரெம்பரில் எழுதிய பக்கத்தையும் யூனில் எழுதிய பக்கத்தையும் அருகருகே வைத்தால் வளர்ச்சி தெரியும். முதலாம் தரத்தில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்த பிள்ளை ஆண்டு முடிவில் சிறு வசனங்கள் எழுதும்.

அந்தக் கோப்பு பிரெஞ்சில் இருப்பதால் பல பெற்றோருக்கு அதை வாசிக்க முடியாது. அதற்காக ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. பிள்ளையை வாசிக்கச் சொல்லி, அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லலாம். விளங்கிய விடயத்தை இன்னொரு மொழியில் சொல்வது நல்ல பயிற்சி.

பெற்றோர் ஒரு முடிவை எடுக்க வேண்டி வருவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். வாசிப்பில் பின்தங்கும் பிள்ளையை ஆங்கில வகுப்புக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழும். கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகள் இமேர்ஷனிலிருந்து மெல்ல வெளியேற்றப்படுகிறார்கள் என்ற விமர்சனம் நெடுங்காலமாக உண்டு. மக்கில் பல்கலைக்கழகத்தின் பிரெட் ஜெனிசீ இதை ஆராய்ந்தவர். சிரமப்படும் பிள்ளை ஆங்கில வகுப்பிலும் அதே சிரமத்தையே படும், பிரெஞ்சு அதற்குக் காரணமில்லை என்பதே அவருடைய ஆய்வுகள் காட்டியது. ஆகவே மாற்றுவதற்கு முன், பிரெஞ்சு வகுப்பிலேயே என்ன உதவி கிடைக்கும் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

நீயும் நீங்களும்

இமேர்ஷன் பிள்ளைகளின் பிரெஞ்சில் ஒரு குறையை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொள்வதில் இவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்குகிறார்கள். பேசுவதிலும் எழுதுவதிலும் அந்த அளவுக்கு வருவதில்லை. வகுப்பறையில் கேட்பதே அதிகம், பேச வேண்டிய தேவை குறைவு என்பது இதற்கு ஒரு காரணம்.

குறிப்பாக 'தூ', 'வூ' என்ற இரண்டு சொற்களில் தடுமாறுகிறார்கள். 'தூ' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் ஆசிரியரையும் 'தூ' என்றே அழைத்துவிடுகிறார்கள். வயதைச் சொல்லும்போதும் ஆங்கில வசனத்தைப் பின்பற்றி "நான் எட்டு வயது" என்ற பொருளில் சொல்லிவிடுகிறார்கள். பிரெஞ்சில் "எனக்கு எட்டு வயது இருக்கிறது" என்ற பொருளில் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இவை இரண்டும் வீட்டிலேயே தெரிந்தவை. தம்பியிடம் "நீ", தாத்தாவிடம் "நீங்கள்" என்று சொல்லும் பிள்ளைக்கு 'வூ' என்பது புதிய சொல்தான், புதிய எண்ணம் இல்லை. தமிழ் தெரிந்திருப்பது பிரெஞ்சுக்குத் தடையில்லை, துணையாகவும் வரக்கூடும்.

கூட்டும் கல்வி, கழிக்கும் கல்வி

சென் லம்பேர்ட் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பரிசோதித்தவர் மக்கில் உளவியலாளர் வலஸ் லம்பேர்ட். அந்தப் பிள்ளைகளின் ஆங்கிலம் கெடவில்லை என்று அவர் கண்டார். காரணம் எளிது. ஆங்கிலம் வீட்டிலும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் பாதுகாப்பாக இருந்தது. இருப்பதோடு இன்னொன்றைச் சேர்ப்பதைக் கூட்டும் இருமொழிநிலை என்றும், புதியது வரப் பழையது போவதைக் கழிக்கும் இருமொழிநிலை என்றும் அவர் பிரித்தார்.

கழித்தலின் மிகக் கொடிய உதாரணமும் கனடாவிலேயே உண்டு. அந்நாட்டின் பழங்குடிப் பிள்ளைகள் உறைவிடப் பாடசாலைகளில் தங்கள் தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பல குடும்பங்களில் அந்த மொழிகள் அப்படியே அறுந்துபோயின.

கனடாவில் தமிழை யாரும் தடை செய்யவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்கு உள்ள பாதுகாப்பு தமிழுக்கு இல்லை. பிரெஞ்சுக்கு ஒரு வகுப்பறை இருப்பதுபோல, தமிழுக்கு ஒரு வீடும் வாரத்தில் ஒரு தமிழ் வகுப்பும் மட்டுமே உண்டு. மூன்று மொழிகள் பிள்ளைக்குப் பாரம் என்று பயந்து சில பெற்றோர் விடுவது தமிழைத்தான். பிள்ளையின் பிரெஞ்சுக்காக அந்தத் தியாகம் தேவையில்லை.

இரண்டு மாதங்கள்

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் பிரெஞ்சு சற்று மங்கும். அதற்காக விடுமுறை முழுவதும் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. நூலகத்தில் எடுத்த சில கதைப் புத்தகங்களும், பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த படத்தின் பிரெஞ்சுப் பதிப்பும் போதும். செப்ரெம்பரில் ஆசிரியர்கள் பழைய பாடத்தை மீட்டுவார்கள்.

தமிழை மீட்டுத்தர அப்படியொரு செப்ரெம்பர் இல்லை. ஆகவே இந்த இரண்டு மாதங்களைத் தமிழுக்குக் கொடுக்கலாம். இமேர்ஷன் வகுப்பு செய்வதையே வீடும் செய்யலாம். சமையல், கடை, கணக்கு, சண்டை, சமாதானம் எல்லாம் தமிழில் நடக்கட்டும். "தமிழில் பேசு" என்று கட்டளையிடுவதைவிட, தமிழில்லாமல் முடியாத ஒரு வேலையைக் கொடுப்பது பலன் தரும். ஊரிலுள்ள அம்மம்மாவை வாரம் ஒருமுறை பிள்ளையே அழைத்து, ஒரு விடயத்தைக் கேட்டறிந்து வந்து வீட்டில் சொல்லலாம். எந்த ஊரில் பிறந்தார், எந்தப் பாதையால் இடம்பெயர்ந்தார், அல்பத்தில் இருக்கும் அந்த மாமா யார் என்று கேட்கலாம்.

எங்கள் குடும்பங்களில் இந்தக் கதைகளில் பெரும்பாலானவை எங்கும் எழுதப்படவில்லை. காணாமல் போனவரின் பெயரைச் சொல்லி அம்மம்மா பேசத் தொடங்கும்போது, அவர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசப்போவதில்லை. அவரும் இன்னும் எத்தனை விடுமுறைகளுக்கு அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார்?