பகல் நீளாத ஊரில் முதல் முட்டை

சிங்கப்பூரின் கம்பங்களில், அதாவது பழைய கிராமக் குடியிருப்புகளில், அவிழ்த்துவிடப்பட்ட கோழி, குப்பையைக் கிளறிப் புழுவும் பூச்சியும் கீரையும் தானே தேடித் தின்றது. இன்றோ வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதியில்லை. தரை வீடுகளில் விற்பனை நோக்கமின்றி 10 கோழிகள் வரை வளர்க்கலாம் என்றாலும், பறவைக் காய்ச்சல் பரவாதிருக்கும் பொருட்டு, வெளிப்பறவை நுழையாத வலைக்கூண்டில்தான் அவற்றை அடைத்து வைக்க வேண்டும். கூண்டுக்குள் வந்துவிட்ட கோழிக்கு வளர்ப்பவர் வைப்பதைத் தவிர வேறு இரை இல்லை. ஆகவே அது எப்போது முட்டையிடத் தொடங்கும் என்னும் கேள்வி, பெரும்பாலும் அதற்கு என்ன தீனி கிடைக்கிறது என்னும் கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

குளிர்நாடுகளில் இக்கேள்விக்குச் சூரியனும் விடை சொல்கிறது. கோழியின் மூளையில், மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியையே உணரும் உயிரணுக்கள் உள்ளன. பகல் நீளும்போது அவை தூண்டப்பட்டு, இயக்குநீர்கள், அதாவது இரத்தத்தில் கலந்து உறுப்புகளை ஏவும் சுரப்புகள், சினைப்பையை வளரச் செய்கின்றன. அதனால்தான் அங்கே குளிர்காலத்தில் முட்டை குறைகிறது. அதை ஈடுகட்டக் கூண்டில் விளக்கேற்றி 14 முதல் 16 மணி நேரம் வரை வெளிச்சம் தருகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே கிடக்கும் சிங்கப்பூரில் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமே என்பதால், மேனாட்டுக் கையேடுகள் பக்கம் பக்கமாக விவரிக்கும் பருவகாலக் கவலை இங்கே பொருந்துவதில்லை. இங்கே காலத்தைத் தீர்மானிப்பவை இனமும், தீனியால் கூடும் உடல் எடையுமே. பண்ணைகளுக்கென உருவாக்கப்பட்ட கலப்பினக் கோழி பொதுவாக 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாட்டுக்கோழிக்கு ஐந்தாறு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும்.

நாள் நெருங்குவதைக் கோழியே காட்டிக்கொடுக்கும். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் பருத்துச் சிவக்கும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையைச் சற்று விரித்துக் குந்தும். கழிவாய்க்குக் கீழே இருபுறமும் தட்டுப்படும் இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே, முன்பு ஒரு விரல்கூடச் சரியாக நுழையாத இடத்தில், இரண்டு மூன்று விரல்கள் நுழையும். தொடக்கத்தில் சிறு முட்டையோ, மஞ்சள் கருவே இல்லாத முட்டையோ, ஓடின்றித் தொளதொளக்கும் தோல்முட்டையோ வந்தால் பதற வேண்டியதில்லை. சில வாரங்களில் சீராகிவிடும்.

தீனியில் பலரும் தவறுவது சுண்ணாம்புச் சத்தில்தான். வளரும் விடைக்கோழிக்குத் தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புச் சத்தும், 15 அல்லது 16 பங்கு புரதமும் போதும். முட்டைக்கோழித் தீவனத்திலோ சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு பங்கு வரை இருக்கும். முட்டை விரைவில் வரட்டும் என்று அதைச் சிறு வயதிலேயே கொடுத்தால், வெளியேற்ற முடியாத சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொண்டை சிவந்த பிறகோ முதல் முட்டையைக் கண்ட பிறகோ மாற்றுவதே முறை. ஒரு முட்டையோட்டுக்குச் சுமார் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும்; ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கிறது, அதில் பெரும்பகுதி கோழி இரையெடுக்காத இரவில் கழிகிறது. அந்நேரத்தில் தீவனத்திலிருந்து கிடைக்காததை அது தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் மாலையில் வைத்தால், தேவையான அளவைத் தானே கொத்திக்கொள்ளும்.

தேக்கா சந்தையில் வாங்கும் முருங்கைக்கீரையும் பசலையும் நல்ல துணையுணவு. ஆனால் நொய்யும் மிஞ்சிய சோறும் தீவனத்துக்கு ஈடாகா. வயிறு நிறைந்தும் புரதம் குறைந்த கோழி கொழுக்குமே தவிர முட்டையிடாது. உப்பு மிகுந்த குழம்புச் சோற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

இவ்வூருக்கே உரிய இடையூறு வெப்பம். வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி வாய் திறந்து மூச்சிரைத்தே உடலைத் தணித்துக்கொள்கிறது. அப்படி இரைக்கும்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடுவதால், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டு குறைந்து ஓடு மெலிகிறது. இதற்குக் கிளிஞ்சலை அள்ளி வைத்துப் பயனில்லை. நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும், இரையை வெயில் ஏறுமுன்னும் தாழ்ந்த பின்னும் வைக்க வேண்டும்.