வுழூச் செய்யும் இடம் வழுக்குகிறதா?

"மௌலவி, எங்கட மாமிக்கு 76 வயசு. முழங்கால் வருத்தம். பாத்ரூமுக்குப் போகவே பயப்படுறா. தயம்மும் செய்து தொழலாமா?"

பெண்களுக்கான மார்க்க வகுப்பு முடிந்ததும் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. வேறு பல வீடுகளிலிருந்தும் இதே கேள்வி வந்திருக்கிறது.

வீட்டில் தண்ணீர் இருந்து, அது அவரது உடம்புக்குத் தீங்கு செய்யாமலும், எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தும் இருந்தால் தயம்முமுக்கு இடமில்லை. கட்டிலடிக்கே தண்ணீரைக் கொண்டு வரலாமே! நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்ததாக ஸஹீஹான ஹதீஸில் வருகிறது. அது ஒரு லீற்றருக்கும் குறைவு. ஒரு ஜக்கும் அகன்ற பாத்திரமும் போதும். தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்கள் தண்ணீர் ஊற்ற நபியவர்கள் வுழூச் செய்தார்கள். ஆகவே மருமகள் ஊற்ற, மாமி உட்கார்ந்தபடியே கழுவிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் மலசலகூடத் தேவைக்குப் போய்த்தானே ஆகவேண்டும்? அந்தச் சகோதரி மேலும் சொன்னதுதான் என் மனதை உறுத்தியது. இரவில் எழும்ப வேண்டி வரும் என்று மாமி அஸருக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாராம். இப்படியான உம்மாமார் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள். உடம்பில் நீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், எழும்பும்போது தலை சுற்றும். எதற்குப் பயந்தாரோ அந்த விழுகையே பிறகு நேர்ந்துவிடும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் எழுந்து நடமாடாதவர்கள் எத்தனையோ பேர்.

முதலில் தரையைப் பாருங்கள். பளபளப்பான டைல்ஸ் பார்வைக்கு அழகு. சவர்க்கார நுரை பட்டால் அது எண்ணெய் தடவியது போலாகிவிடும். குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸ்தான் வேண்டும். பழைய சிமெந்துத் தரையென்றால் கிழமைக்கு ஒருமுறையாவது பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். குளித்து முடித்தவர் தண்ணீரைத் தள்ளிவிட்டு வெளியே வரவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். உள்ளே துணியாலான கால்மிதி வேண்டாம். அது காலோடு இழுபட்டு வரும். அடியில் றப்பர் பிடிமானம் உள்ளது நல்லது.

அடுத்தது கைபிடி. முதியவர்கள் தடுமாறும்போது துவாய்க் கம்பியையோ வோஷ்பேசினையோதான் பிடிப்பார்கள். இரண்டும் ஆள் பாரம் தாங்குவதற்காகப் பொருத்தியவை அல்ல. ஹாட்வெயார் கடையில் இதற்கென்றே கைபிடிக் கம்பி கிடைக்கும். ஒன்றரை அங்குலத் தடிப்பு, சுவரிலிருந்து ஒன்றரை அங்குல இடைவெளி, தரையிலிருந்து ஏறக்குறைய 33 முதல் 36 அங்குல உயரம். டைல்ஸில் மட்டுமல்லாமல் உள்ளேயுள்ள செங்கல்லில் நன்றாக இறங்கும்படி பொருத்துமாறு மேசனிடம் சொல்லுங்கள். பொருத்திய பிறகு வீட்டில் பாரமான ஒருவர் தொங்கிப் பார்க்கட்டும்!

குந்தும் மலசலகூடம் முழங்கால் வருத்தக்காரருக்குப் பெரும் வேதனை. கொமட் வைக்க வசதியில்லாவிட்டால் நடுவில் துளையுள்ள கதிரையை அதன்மேல் வைக்கலாம். கால்களில் றப்பர் இருக்கவேண்டும், ஆடக்கூடாது. இங்கே நம்மவர்களுக்கேயான ஒரு விடயம் உண்டு. வலக்கையால் தண்ணீர் ஊற்றி இடக்கையால் சுத்தம் செய்கிறோம். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கையும் மிஞ்சாது. அதனால் உட்காரும் இடம் தானாகவே உறுதியாக இருக்கவேண்டும். வாளியைக் குனிந்து எட்ட வைக்காமல் பக்கத்தில் ஒரு முக்காலியில் வையுங்கள். கைபிசுக்கிக் குழாய் இருந்தால் இன்னும் இலகு. பாரிசவாதத்தால் இடக்கை செயலிழந்தவர் வலக்கையால் சுத்தம் செய்வதில் குற்றமில்லை.

வோஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஈரத்தரையில் ஒற்றைக்காலில் நிற்பது வாலிபருக்கே ஆகாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் தாழ்வான குழாயும் போதும்.

வாசற்படியிலும் கவனம் வேண்டும். பல வீடுகளில் குளியலறை இரண்டு மூன்று அங்குலம் பள்ளமாக இருக்கிறது. இறங்கும்போது பலவீனமான காலையும், ஏறும்போது பலமான காலையும் முதலில் வைப்பதே பாதுகாப்பு. இடக்கால் பலவீனமானவருக்கு இது சுன்னத்தோடு அப்படியே ஒத்துவரும். இடக்காலால் நுழைந்து வலக்காலால் வெளியேறலாம். வலக்கால் பலவீனமானவர் மாற்றி வைக்கட்டும். விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கமல்ல நம்முடையது.

இரவில் கட்டிலிலிருந்து குளியலறை வரை சிறிய மின்குமிழ் ஒன்று எரியட்டும். எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். தஹஜ்ஜுதுக்கும் ஸுபஹுக்கும் எழும்புபவர்களுக்கு இது மிக முக்கியம்.

கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்தால் உடைக்கத்தான் வேண்டும். உள்நோக்கித் திறக்கும் கதவென்றால் விழுந்தவரின் உடம்பே அதைத் தடுத்துவிடும். வெளிநோக்கித் திறக்குமாறு மாற்றி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டுப் போடுங்கள். "யாராவது வந்துவிடுவார்களோ" என்று உம்மா கூச்சப்பட்டால் உள்ளே ஒரு திரை கட்டிக் கொடுங்கள். மூத்த மகனானாலும் தட்டி, பதில் வந்த பிறகே கதவில் கை வைக்கவேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.