ட்ரெய்லரை மாட்டும் முன் கதவோரத்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்துவிடும். ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகவில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஒரு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து, வீட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு யெல்லோஸ்டோன் வரை போய்விட்டு வந்தால் என்ன? நல்ல யோசனைதான். அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் கூடவே வரும். ஆனால் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறுகள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. வண்டி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதில்லை. இன்சூரன்ஸ் இருக்கும் என்று நம்பிக்கொள்கிறார்கள். குடியேற்றக் காகிதங்களை வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

முதலில் எடை. உயிர் போவது இதில்தான் என்பதால் இதைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

"இந்த வண்டி 7,000 பவுண்டு இழுக்கும், உங்கள் ட்ரெய்லர் 6,000தான், கவலையே வேண்டாம்" என்று விற்பனையாளர் சொல்வார். ட்ரெய்லர் வாடகைக்குக் கொடுப்பவரும் அதையேதான் சொல்வார். அந்த இழுவை எண், பெரும்பாலும் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும் வண்டியில் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் வண்டியில் ஐந்து பேர் உட்காருவார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணைப் பாருங்கள். டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,450 பவுண்டு என்று இருக்கிறது. சாமான் ஏற்றிய ட்ரெய்லர் 6,000 பவுண்டு. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இரண்டையும் இணைக்கும் ஹிட்ச் மேல் அழுத்த வேண்டும். அப்போதுதான் அது நேராக வரும். 13 சதவீதம் என்று வைத்தால் 780 பவுண்டு. அது முழுக்க உங்கள் வண்டியின் தலையில்தான் விழுகிறது. எடையைப் பகிரும் ஹிட்ச் ஒரு 80 பவுண்டு. அப்பா, அம்மா, கணவன், மனைவி, வளர்ந்த பையன் என ஐவருக்கும் சேர்த்து 700. மொத்தம் 1,560. ஐஸ் பெட்டியும் அரிசி மூட்டையும் ஏறுவதற்கு முன்பே வண்டி வரம்பை 110 பவுண்டு மிஞ்சிவிட்டது. இழுவை எண்ணைப் பார்த்தால் இன்னும் 1,000 பவுண்டு பாக்கி இருப்பதுபோல் தெரியும். அந்த எண் உங்களை ஏமாற்றுகிறது.

முன்பாரம் அதிகம் என்று தெரிந்ததும் சிலர் சாமான்களை ட்ரெய்லரின் பின்பக்கம் தள்ளுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹிட்ச் மேல் அழுத்தம் குறைந்தால், பக்கத்தில் ஒரு லாரி கடந்தாலே போதும், ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அது முன்வண்டியையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். ஆட்டம் தொடங்கிவிட்டால் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பாதீர்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கைவிசையால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். அந்த விசை எங்கே இருக்கிறது என்று இடது கைக்கோ வலது கைக்கோ பழக்கிய பிறகுதான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ட்ரெய்லரிலும் இரண்டு ஸ்டிக்கர் உண்டு. இடது முன்பக்கம் வெளியே ஒட்டியிருப்பது மொத்த எடை வரம்பையும் எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட வாகன அடையாள எண்ணையும் சொல்லும். எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்பதற்குத் தனி ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீரும் சாமான்தான். ஒரு கேலன் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினால் 332 பவுண்டு கூடிவிடும். முகாம் போய்ச் சேர்ந்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

காகிதக் கணக்கோடு நிற்க வேண்டாம், எடை போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். குடும்பத்தோடு, முழுச் சாமானோடு போங்கள். முன் சக்கரங்கள் முதல் தட்டிலும், பின் சக்கரங்கள் இரண்டாவதிலும், ட்ரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் வருமாறு நிறுத்தி, கம்பத்திலுள்ள பொத்தானை அழுத்தி, சொந்த வண்டி என்று சொல்லுங்கள். உள்ளே போய்ச் சீட்டை வாங்குங்கள். பிறகு வாகன நிறுத்தத்தில் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் அதே ஆட்களோடு இன்னொரு முறை எடை போடுங்கள். மறு எடைக்குக் கட்டணம் குறைவு. இரண்டு சீட்டையும் கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வரம்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிஞ்சினால் சாமானைக் குறையுங்கள், இல்லையென்றால் சிறிய ட்ரெய்லருக்கு மாறுங்கள். முன்பணம் போகிறதே என்று தயங்க வேண்டாம்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2025 ஜனவரி 1 முதல் வணிகப் பயன்பாடு இல்லாத வண்டிகளுக்கு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையை அரசு எடுத்துவிட்டது. ஆனால் அதற்கான 7.50 டாலரைப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து இன்றும் வாங்குகிறது. சோதனை போய்விட்டது, கட்டணம் மட்டும் நிற்கிறது. ஆக, வாடகைக்கு வரும் ட்ரெய்லரின் பிரேக்கையும் டயரையும் உங்களுக்கு முன்னால் யாரும் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்களே பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் ஆண்டும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரம். பழைய டயர் வெளியே பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், உள்ளே ரப்பர் இற்றுப்போயிருக்கும். அப்படிப்பட்ட டயரோடு வரும் ட்ரெய்லரை வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்ரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடுவதற்கென்று செய்யப்படாதவை. காற்றை, டயர் ஆறியிருக்கும்போது, ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கு அடியுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் ஹிட்சுக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்க வேண்டும். ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் கம்பியை அந்தச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியோடு தனியாக இணைக்க வேண்டும். பிறகு ட்ரெய்லரின் வாகன அடையாள எண்ணைக் கூட்டாட்சி அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது 888-327-4236 எண்ணை அழையுங்கள். சரிசெய்யப்படாத ரீகால் இருந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து இன்சூரன்ஸ். வாடகைக் காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டலாம் என்று நினைப்பவர்கள் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். பெரும்பாலான வாடகை கார் ஒப்பந்தங்கள் எதையும் இழுக்கக் கூடாது என்று சொல்கின்றன. மீறினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேத விலக்கும் செல்லாமல் போகலாம். சொந்த வண்டி என்றாலும் நிம்மதியாக இருக்க முடியாது. நீங்கள் இழுக்கும் ட்ரெய்லர் பிறர்மீது மோதினால் உங்கள் கார் பாலிசி பொதுவாகக் கைகொடுக்கும். ட்ரெய்லருக்கே ஏற்படும் சேதத்துக்கு அது பொதுவாகக் கைகொடுக்காது. "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று ஏஜெண்ட் தொலைபேசியில் சொன்னதை நம்பி இடிபட்ட ட்ரெய்லருக்குக் கைக்காசு போட்டவர்களின் புலம்பல் என் காதுக்கு வந்தபடியே இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாடகை ட்ரெய்லரால் பிறருக்கு வரும் சேதம் அடங்குமா? ட்ரெய்லரின் சேதம் அடங்குமா? சாலை உதவித் திட்டம் ட்ரெய்லரையும் சேர்த்து இழுத்துப் போகுமா? வேற்று மாநிலத்திலும் இவை செல்லுமா? பதில் எழுத்தில் வரட்டும். எழுத்தில் வராத பதிலைப் பதிலாகக் கொள்ளாதீர்கள்.

பாதை விஷயத்தில் கைபேசி வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். பின்னால் ட்ரெய்லர் இருப்பது அதற்குத் தெரியாது. டென்வர் வழியாக யெல்லோஸ்டோன் போகிறவர்கள் வயோமிங்கில் ஐ-80 சாலையைப் பிடிப்பார்கள். லாராமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, எல்க் மௌண்டன் பக்கம், காற்று லாரிகளையே கவிழ்க்கும் இடம் அது. எடை குறைந்த உயர வண்டிகளுக்குச் சாலை மூடப்பட்டிருக்கிறது என்று சாலை நிலைத் தகவல் சேவையான 511 அறிவித்தால் அந்த வண்டி உங்களுடையதுதான். காலி லாரிக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் அவலாஞ்ச் கிரீக்கிலிருந்து ரைசிங் சன் வரை 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள எதுவும் போகக் கூடாது. பால்டிமோரின் இரண்டு துறைமுகச் சுரங்கங்களும் ட்ரெய்லர் முன்னால் இருக்கும் கேஸ் சிலிண்டர்களை அனுமதிப்பதில்லை. பழைய கையேடுகள் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லும். அந்தப் பாலம் 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி இடிந்துவிட்டது. இப்போது ஐ-695 சாலையின் மேற்குப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். கலிபோர்னியாவில் எதை இழுத்தாலும் வேக வரம்பு 55 மைல், பலகையில் 65 என்று போட்டிருந்தாலும்.

பின்னால் பாட்டி படுத்துத் தூங்கட்டும் என்று ஓடும் ட்ரெய்லருக்குள் ஆளை ஏற்றவே ஏற்றாதீர்கள். பல மாநிலங்களில் அது சட்டவிரோதம். சட்டம் இல்லாத இடத்திலும் உள்ளே சீட் பெல்ட் கிடையாது.

அடுத்தது குடியேற்றக் காகிதம். குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பிய எவரும் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். எச்-1பியில் இருப்பவருக்கும், சுற்றுலா விசாவில் வந்த உங்கள் பெற்றோருக்கும் அது பாஸ்போர்ட்டும் ஐ-94 அச்சுப்படியும். பச்சை அட்டைக்காரருக்கு அசல் அட்டை. எச்-1பிக்காரரிடம் ஒப்புதல் அறிவிப்பான ஐ-797 படியும் கூடவே இருக்கட்டும். கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டு எல் பாசோ வழியாக ஐ-10 சாலையில் கிழக்கே திரும்பினால் சியரா பிளாங்காவில் எல்லைக் காவலர் சாவடி நிற்கும். எல்லையைத் தாண்டவே இல்லையே, எதற்குப் பாஸ்போர்ட் என்று கேட்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சாவடியில் நிறுத்திக் குடியேற்ற நிலையைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976இல் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் சம்மதமோ தக்க காரணமோ இல்லாமல் வண்டியைச் சோதனை போட முடியாது என்றும் 1975இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "ட்ரெய்லரைத் திறந்து பார்க்கலாமா" என்று கேட்டால், "சம்மதமில்லை" என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பொய் மட்டும் சொல்லாதீர்கள். ஓட்டுநர் உரிமம் உங்கள் ஐ-94 தேதியோடு முடிவதாக இருந்தால், பயணம் முடியும் வரை செல்லுமா என்றும் ஒருமுறை பாருங்கள்.

திரும்பி வந்தபின் வரும் சண்டை முன்பணத்தைப் பற்றியது. ட்ரெய்லரை வாங்கும்போதும் ஒப்படைக்கும்போதும் கூரை, தரை, டயர் உட்பட எல்லாப் பக்கத்தையும் வீடியோ எடுங்கள். பணத்தை ஸெல் (Zelle) வழியாக அனுப்பாமல் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஒப்புக்கொள்ளாத தொகை பிடிக்கப்பட்டால், அது தென்படும் முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள், அறிக்கையில் கொடுத்திருக்கும் பில் விசாரணை முகவரிக்கு எழுத்தில் மறுப்புப் போய்ச் சேர வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் டெக்சாஸில் ஜஸ்டிஸ் கோர்ட் இருக்கிறது. 20,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம்.

வாடகை வேண்டாம், புதிதாகவே வாங்கிவிடுகிறேன் என்று போய், வாங்கிய நாள் முதல் கூரை ஒழுகும் ட்ரெய்லரோடு டீலர் வாசலில் நிற்பவர்கள் அநேகம். கோளாறு தீராத புதிய வண்டிகளுக்கான டெக்சாஸின் லெமன் சட்டம் இழுத்துச் செல்லும் இந்த ட்ரெய்லர்களுக்கும் பொருந்தும். பலருக்கு இது தெரிவதில்லை, டீலரும் வாய் திறப்பதில்லை. முதல் 24 மாதத்துக்குள் அல்லது 24,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை பழுது பார்த்தும் தீராவிட்டால், அல்லது பழுதுக்காக மொத்தம் 30 நாள் பட்டறையில் கிடந்தால், நீங்கள் புகார் தரலாம். உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இரண்டு முறையே போதும். ஒவ்வொரு முறையும் பழுதுச் சீட்டில் தேதியும் கோளாறும் எழுதி வாங்குங்கள். சீட்டு இல்லாத பழுது கணக்கில் வராது. உற்பத்தியாளருக்கு, டீலருக்கு அல்ல, எழுத்தில் அறிவிப்பு அனுப்பிச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். பிறகு 35 டாலர் கட்டணத்தோடு டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையில் புகாரைப் பதிவு செய்யுங்கள். உத்தரவாதம் முடிந்த நாள், 24 மாதம், 24,000 மைல் ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ, அதிலிருந்து 6 மாதத்துக்குள் அந்தப் புகார் துறையின் கையில் இருக்க வேண்டும்.