பூச்சி மருந்து

பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் போதும், "வயித்துல பூச்சி" என்று பாட்டிமார் முடிவு கட்டிவிடுவார்கள். மறுநாள் விடிந்ததும் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய். ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பொத்தி ஊற்ற, அன்றைக்குப் பள்ளிக்கூடம் போன மாதிரிதான். நாக்குப்பூச்சி ஒன்றிரண்டு விழுந்தால் வைத்தியம் பலித்துவிட்டது. கொக்கிப்புழு அதற்கெல்லாம் மசியாது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற ஜாதி அது.

1920களில் சென்னை மாகாணத்தில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இதை ஒழிக்க இறங்கியது. அக்காலத்தில் இதற்கு உலகெங்கும் கொடுத்த மருந்துகளில் ஒன்று கார்பன் டெட்ராகுளோரைடு. தீயணைப்பான்களில் அடைத்த திரவமும் அதுதான். புழுவோடு சேர்த்து ஈரலையும் பதம் பார்க்கும்.

எல்லா ஊர் மண்ணும் இந்தப் புழுவுக்கு ஒத்துவராது. பட்டாசு காயச் சிவகாசிக்கு வாய்த்த வறண்ட வெயில், மண்ணில் கிடக்கும் கொக்கிப்புழுக் குஞ்சுகளுக்கு ஆகாது. ஈரமும் நிழலும் வேண்டும். மேற்கே செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் பக்கத்து மலையடிவாரங்களில் இரண்டும் உண்டு. பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் அங்கேதான். ஒதுங்குகிற இடத்து மண்ணை வெறுங்காலோடு மிதித்தால் அந்தக் குஞ்சுகள் தோலைத் துளைத்து ஏறிவிடும்.

இன்று விளக்கெண்ணெய்க்கு வேலையில்லை. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் வந்துவிட்டது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒன்று, 2 வயதுக்குள் என்றால் பாதி. சப்பித் தின்றுவிட்டுப் பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு வராதவர்களுக்கு ஒரு வாரத்தில் இன்னொரு நாள். நெல்லிக்காய்க்கோ தேனுக்கோ பெற்றோரோடு காட்டுக்குப் போன பிள்ளைக்கு இரண்டு நாளும் தவறக்கூடும்.

எனக்கு உறுத்துவது வயதுக் கணக்கு. 1 முதல் 19 வரை மாத்திரை. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு. நாக்குப்பூச்சி பிள்ளைகளிடம் அதிகம், சரி. கொக்கிப்புழுவோ வயது ஏற ஏறக் கூடுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையிலும் வேலூர்ப் பக்கத்துத் திமிரியிலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். பெரியவர், சிறியவர் பாராமல் ஊருக்கே ஆண்டுக்கு 2 முறை, 3 ஆண்டுகள் மாத்திரை கொடுத்தார்கள். கொக்கிப்புழு குறைந்தது, அறவே ஒழியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்த ஊர்களைவிட அங்கே நிலைமை தேவலை.

நாற்பது வயதுப் பளியர் ஒருவர் மேடேறும்போது மூச்சு வாங்கினால், அதை வயசுக்கோளாறு என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்து, அதே மாத்திரையைக் கொடுத்தனுப்ப எந்தத் தடையும் இல்லை. அவர் அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது.