பொறியின் கண்ணும் பெண்ணின் முகமும்

செயற்கை அறிவு தானே தோன்றியதொன்றன்று. மாந்தர் தெரிந்தெடுத்துக் காட்டும் படங்களையும் எழுத்துக்களையும் கொண்டே அப்பொறி கற்கின்றது. காட்டாததை அஃது அறியாது. பொறியும் கணிதமும் ஆடவர்க்கே உரியனவென்று ஒதுங்கும் நம் மாணவியர் இதனைச் சிறிது ஊன்றி நோக்குவாராக.

அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஜாய் புவோலம்வினி என்னும் கறுப்பினப் பெண்மணியின் முகத்தை, முகமறியும் நிரலொன்று முகமென்றே கொள்ளவில்லை; வெண்ணிற முகமூடி அணிந்தவுடன் கொண்டது! வேறொருவராயின் நகைத்து அகன்றிருப்பர். அவரோ, டிம்னிட் கெப்ரு என்னும் மற்றொரு பெண் அறிஞருடன் கூடி, ஆப்பிரிக்க ஐரோப்பிய நாடுகள் ஆறின் பாராளுமன்ற உறுப்பினருடைய 1,270 படங்களைத் திரட்டி, விற்பனையிலிருந்த மூன்று நிரல்களைச் சோதித்தார். முகம் ஆணுடையதோ பெண்ணுடையதோ என்று கூறுவதில், வெளிர்நிற ஆடவர்பால் நேர்ந்த பிழை நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. கருநிறப் பெண்டிர்பாலோ ஒரு நிரலில் நூற்றுக்கு 34.7.

இவ்வாராய்ச்சி 2018இல் வெளிவந்தது. நிரலமைத்தோர் வேண்டுமென்றே வஞ்சித்தனரென்பது நம் கருத்தன்று. அக்காலத்து வழங்கிய சோதனைப் படத்தொகுதியொன்றில் நூற்றுக்கு 86 பேர் வெளிர்நிறத்தினர். அதனைக் கொண்டு சோதிப்பார்க்குக் குறை எங்ஙனம் புலப்படும்? 2019இல் வெளிவந்த மறுசோதனையில், அம்மூன்று நிரல்களிலும் கருநிறப் பெண்டிர்பால் நேரும் பிழை பெரிதும் குறைந்திருந்தது.