மலைப்படியும் லட்டும்

திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறுவோர் ஏறத்தாழ 3,550 படிகளைக் கடக்கின்றனர். ஏறி முடித்ததும், "இன்று எடை குறைந்திருக்கும்" என்று பலர் மகிழ்வர். உண்மையில், உடனே குறைவது பெரும்பாலும் வியர்வையாக வெளியேறிய நீரே. நீர் அருந்தியதும் அவ்வெடை திரும்பிவிடும்.

உடற்கொழுப்புக் குறைய வேண்டுமாயின், உணவால் பெறும் ஆற்றலைவிடச் செலவிடும் ஆற்றல் பல வாரங்கள் சற்றே மிகுந்திருத்தல் வேண்டும். ஒரு கிராம் சர்க்கரை 4 கிலோகலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் நெய்யோ 9 தரும். கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி ஆகியவை சேர்ந்த திருப்பதி லட்டு ஏறத்தாழ 175 கிராம் எடையுள்ளது. அதனை ஒருவரே உண்டால், படியேறிச் செலவிட்டதில் பெரும்பகுதி மீண்டும் உடலிற் சேரும். நம் வீடுகளில் அதனைப் பிட்டு அண்டை அயலார்க்கும் பகிர்வது எத்துணை நல்ல வழக்கம்!

அதற்காகப் பட்டினி கிடத்தல் கூடாது; கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். சித்தூர்ப் பகுதியில் உண்ணும் கேழ்வரகுக் களியும் கீரைக் கடையலும் நார்ச்சத்து மிக்கவை. நெடுநேரம் பசி தாங்கும். பெரியவர்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை மலையேறுவதைவிட நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பதே மிகுதியும் உதவும்.

மாணவர்களே, நீங்கள் வளரும் பருவத்தினர். மருத்துவர் கூறாமல் உணவைக் குறைத்தல் வேண்டா. உங்கள் வயதினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் ஓடியாடுதல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.