கார்மேல் லீலியும் கொல்லிமலைக் காந்தளும்

மத்தேயு 6:28இல் ஆண்டவர் சுட்டும் மலர் யாது என்னும் வினா அருளுரையாளருக்குப் புதியதன்று. கிரேக்க மூலத்தில் 'கிரினா' எனப் பன்மையில் நிற்கும் சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் 'காட்டுப்புஷ்பங்கள்' எனப் பெயர்த்தது. எனினும் ஆங்கில வேதாகமத்தின் வழியே 'லீலி' என்ற பெயரும் நம் பிரசங்க பீடங்களில் வழங்கலாயிற்று.

பாலஸ்தீன நாட்டில் இயற்கையாய் வளரும் உண்மையான லீலி ஒன்றே. அது வெள்ளை லீலி. கார்மேல் மலையிலும் மேல் கலிலேயாவிலும் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் மிக அரிதாகவே அது காணப்படுகிறது. மாரிக்காலத்தில் தரையையொட்டி இலை விரித்து, மே, ஜூன் மாதங்களில் மணமிக்க வெண்மலர்களை ஈன்று, கடுங்கோடையில் மண்ணுக்குள் குமிழ்க்கிழங்காய் ஒடுங்கிவிடும்.

இயேசு கூறியது இம்மலரையே என அறுதியிடுவதற்கு இடமில்லை. 30ஆம் வசனம், இன்றிருந்து நாளை அடுப்பில் இடப்படும் புல்லைக் குறித்துப் பேசுகிறது. அடுப்புக்குச் செல்வது யாவரும் காணும் எளிய பூண்டேயாகும். ஆகவே, வசந்தத்தில் கலிலேய வயல்களைச் சிவக்கச் செய்யும் அனிமோனி முதலிய மலர்கள் அனைத்தையும் அச்சொல் தழுவும் எனப் பலர் கொள்வர். சாலொமோனின் மகிமையை விஞ்சியது அரண்மனைத் தோட்டத்து மலரன்று. வழிப்போக்கர் மிதித்துச் செல்லும் மலரே.

கொல்லிமலையில் சுண்ணாம்புச் சரிவுமில்லை, வெள்ளை லீலியுமில்லை. ஆனால் செங்காந்தள் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலில் நிற்பதும், இன்று தமிழ்நாட்டின் மாநில மலராய் விளங்குவதும் இதுவே. இதுவும் கோடையில் கிழங்காய் மண்ணில் மறைந்து, மழை கண்டதும் கொடியாய் எழுவது. 1913இல் ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் இம்மலையில் குடியேறி ஊழியம் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. கலிலேயாவைக் கண்டிராத மலைவாழ் மக்களுக்கு இவ்வசனத்தை விளக்கக் காந்தளினும் ஏற்ற மலர் வேறில்லை.

ஆயினும் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. காந்தளின் கிழங்கும் விதையும் நஞ்சுடையன. அந்நஞ்சாகிய கோல்ச்சிசினே கீல்வாதத்திற்கு மருந்துமாகிறது. சமவெளியில் விதைக்காகப் பயிரிடப்படும் இக்கொடி, காடுகளில் கிழங்கோடு அகழ்ந்தெடுக்கப்படுவதால் அருகி வருகிறது. வறுமையால் கிழங்கு தோண்டுவோனிடம் "கவலைப்படாதே, மலரைப் பார்" என்று கூறுவது எளிது. ஆனால் அதே அதிகாரத்தின் 33ஆம் வசனம் தேவனுடைய நீதியைத் தேடச் சொல்கிறது. உழைப்புக்கு நியாயமான கூலியையும் வாழ நிலத்தையும் அவனுக்காக நாடாத திருச்சபை, அவனிடம் மலரைக் காட்டத் தகுதியுடையதன்று.